மகள் செய்தியாளராக வேண்டும் என்கிறாள்: கோலாலம்பூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

படிவம் ஐந்தில் படிக்கும் உங்கள் மகள் செய்தியாளராக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதையும், வீட்டில் மற்ற எல்லாரும் அவளைக் கணக்கியல் பக்கம் திருப்பப் பார்ப்பதையும், இடையில் நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். கடிதத்தோடு, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கி பழுதானதைப் பற்றி அவள் எழுதிய இரண்டு பக்கங்களையும் இணைத்து அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. தேர்ச்சி அறிக்கையைவிட அந்த இரண்டு பக்கங்கள்தாம் அவளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லின.

உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் நேசன் நாளேடு 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. அச்சு நாளேடுகளில் வேலை குறைந்துவிட்டது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மாலை வீடு திரும்பும் நேரம் நிச்சயமில்லாத வேலை என்பதும் உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலை அவள் ஏற்பதா விடுவதா என்பதை இந்த மாதமே நீங்கள் முடிவு செய்யத் தேவையில்லை. செய்தி எழுதுவதன் அடிப்படைகளைப் பள்ளியில் இருக்கும்போதே அவள் கற்றுக்கொள்ளட்டும். ஆசை செய்தியின் மேலா, செய்தி வாசிப்பாளரின் முகம் திரையில் தெரிவதன் மேலா என்பது அந்தப் பயிற்சியிலேயே அவளுக்கும் உங்களுக்கும் புலப்பட்டுவிடும். நம் நாட்டில் இது புதிய வழியும் இல்லை. 1950களில் தமிழ் முரசு நாளேட்டின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகளுள் பலர் பிற்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுத்தாளர்களாக வந்தார்கள்.

இனி அவள் எழுதியதற்கு வருகிறேன். "அறிவியல் வளர்ச்சி மனிதகுலத்துக்கு அளித்த அரிய கொடைகளுள் மின்தூக்கியும் ஒன்றாகும்" என்று தொடங்கியிருக்கிறாள். அடுத்த பத்தியில் ஒரு குறள் வருகிறது. அதற்கடுத்து, அடுக்குமாடி வாழ்க்கையின் நன்மை தீமைகள். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான், வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று திரும்பும் மூதாட்டி ஒருவர், பதினான்காம் மாடியிலுள்ள தம் வீட்டை அடைவதற்கு மாடிக்கு மாடி படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார் என்ற வரி வருகிறது. அந்த வரியைப் படித்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்கள் கடந்துபோகும் படிக்கட்டில் அவள் நின்று அந்த மூதாட்டியோடு பேசியிருக்கிறாள். செய்தியாளருக்கு முதலில் வேண்டியது இந்தக் கண்தான், அது அவளிடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவளே கொண்டுபோய் இரண்டாம் பக்கத்தில் புதைத்துவிட்டாள் என்பதுதான் குறை.

இதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தேர்வுக் கட்டுரைக்கு முன்னுரை வேண்டும், மொழியணி வேண்டும், நல்ல முடிவுரை வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பழகிய கை அது. பள்ளி நிகழ்ச்சி அறிக்கையிலும், காலை எட்டு மணிக்குத் தலைமையாசிரியர் குத்துவிளக்கேற்றினார் என்று தொடங்கி நன்றியுரை வரை நடந்த வரிசையில் எழுதித்தான் பழக்கியிருக்கிறோம். தேர்வில் அந்தப் பழக்கம் புள்ளி பெற்றுத்தரும், அதை அவள் விட்டுவிட வேண்டாம். ஆனால் செய்திக்கு உட்காரும்போது அதைக் கழற்றி வைக்க வேண்டும். எது மிக முக்கியமோ அது முதலில், அடுத்த முக்கியம் அதற்கடுத்து, விட்டாலும் குறையில்லாதது கடைசியில் என்ற இந்த அமைப்பைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். பக்கத்தில் இடம் போதாதபோது துணையாசிரியர் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார். கைப்பேசியில் படிக்கும் வாசகரும் மேலிருந்து இரண்டு பத்தி பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். ஆகவே இன்றும் அந்த அமைப்புக்குத் தேவை இருக்கிறது.

அவள் திரட்டிய தகவல்களையே கொண்டு முதல் பத்தியை நான் இப்படி எழுதிப் பார்த்தேன். "... அடுக்குமாடிக் குடியிருப்பின் 'பி' கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகளும் இம்மாதம் 4ஆம் தேதி முதல் இயங்கவில்லை. அங்குள்ள 320 வீடுகளில் வசிப்போர் படிகளில்தான் ஏறி இறங்குகின்றனர். வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் 68 வயது மூதாட்டி ஒருவர், பதினான்காம் மாடியிலுள்ள வீட்டை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதாகக் கூறினார்." யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. ஏன், எப்படி என்ற இரண்டுக்கும் இல்லை. அவற்றை அவள் யாரிடமும் கேட்கவில்லை என்பது அவள் எழுத்திலிருந்தே தெரிகிறது.

இந்தப் பத்தியில் மூன்று மாற்றங்களை அவள் கவனிக்க வேண்டும். அவள் "நூற்றுக்கணக்கானோர்" என்று எழுதியிருந்தாள்; நான் 320 வீடுகள் என்று எழுதினேன். மாடிக்கு இருபது வீடு, பதினாறு மாடி என்று அவளே வேறோர் இடத்தில் குறித்திருந்ததைப் பெருக்கினேன், அவ்வளவுதான். எண்ணிச் சொல்லக்கூடியதை எண்ணித்தான் சொல்ல வேண்டும். அவள் "பல நாள்களாக" என்றதை நான் தேதியாக்கினேன். "நேற்று", "கடந்த வாரம்" என்று எழுதிய செய்தி இணையத்தில் மூன்று மாதம் கழித்துப் படிப்பவரைக் குழப்பும். மூன்றாவது, "மிகவும் பரிதாபமான நிலை" என்ற சொற்களை எடுத்துவிட்டேன். மூதாட்டி படியில் உட்காருவதைச் சொல்லிவிட்டால், பரிதாபப்படுவதை வாசகரே செய்துகொள்வார்.

தமிழில் எழுதுவோருக்கு உள்ள ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார், எங்கே, எப்போது, எதற்காக என்று எல்லாவற்றையும் எச்சங்களாகக் கோத்து ஒரே வாக்கியமாக்கினால், என்னதான் நடந்தது என்பதை அறிய வாசகர் ஐம்பது சொற்கள் மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டியதாகிறது. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் மலாய்ச் செய்தியையோ ஆங்கிலச் செய்தியையோ அப்படியே தமிழாக்குகிறவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். முதல் வாக்கியம் பன்னிரண்டு, பதினைந்து சொற்களுக்குள் முடியட்டும். மிச்சம் அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்நாட்டில் தமிழ்ச் செய்தியாளர் நாள்தோறும் மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கிறார். காவல்துறையின் அறிக்கை மலாயில் வருகிறது. நிறுவனத்தின் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. பாதிக்கப்பட்டவர் தமிழில் பேசுகிறார். மலாயில் 'மென்டக்வா' என்றால் ஒருவர் ஒன்றைக் குற்றச்சாட்டாகச் சொல்கிறார் என்று பொருள். 'டிடக்வா' என்றால் ஒருவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். 'டிரெமான்' என்றால் விசாரணைக்காகத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார், அவ்வளவே. குற்றம் இன்னும் சாட்டப்படவில்லை. இவற்றைக் குழப்பி, தீர்ப்புக்கு முன்பே ஒருவரைக் குற்றவாளி என்று எழுதிவிட்டால், அது மொழிப்பிழையாக மட்டும் நின்றுவிடாது. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்கீழ் வழக்காகவும் மாறலாம். எண்களிலும் இதே கவனம் வேண்டும். மலாயில் 'ஜூத்தா' என்றால் பத்து லட்சம்; '1.5 ஜூத்தா ரிங்கிட்' என்பது பதினைந்து லட்சம் ரிங்கிட். அவசரத்தில் ஒன்றரை லட்சம் என்று எழுதிவிடுவது எளிது.

பேச்சைக் குறிக்கும் வினைகளையும் அவள் எடை போட்டுப் பார்க்கப் பழக வேண்டும். "கூறினார்", "தெரிவித்தார்" என்பவை நடுநிலையானவை. "ஒப்புக்கொண்டார்" என்றால் அவர் ஏதோ தவறு செய்து மறைத்திருந்தார் என்ற சாயல் வந்துவிடும். "மழுப்பினார்" என்பது செய்தியாளரின் தீர்ப்பு. அதற்குச் செய்தியில் இடமில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கட்டுரை ஆசிரியர் சலித்துக்கொள்ளலாம். செய்தியில் "கூறினார்" பத்து முறை வந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பெயர்களைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலோசகராவதற்கு முன் சில ஆண்டுகள் நான் ஒரு நாளேட்டில் துணையாசிரியராக இருந்தேன். சாலை விபத்தில் ஒருவர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டு எழுதியபோது, இறந்தவரின் பெயருக்குப் பதிலாக, தகவல் சொன்ன அவருடைய தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தத் தம்பியின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. வெளியூரில் இருந்த அவருடைய மகன் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறி வந்திருக்கிறார். மதியம் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அண்ணனைப் பறிகொடுத்த களைப்போடு என் மேசையின் முன் நின்று, "நான் உயிரோடு இருக்கிறேன், ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு, பெயரை எழுதினால் எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தாமல் நான் தொலைபேசியை வைத்ததில்லை. உங்கள் மகளுக்கும் இதைச் சொல்லுங்கள். நம்மவர் பெயர்கள் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வழக்கில் வேறு விதமாகவும் இருக்கும். டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ என்ற விருதுகள் ஒன்றுக்கொன்று மாறினாலும் பிழைதான்.

சிறார் தொடர்பான செய்திகளில் பெயரைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், பெயரையே விட்டுவிட வேண்டிய நிலையும் உண்டு. குற்றச் செயலில் பாதிக்கப்பட்ட, சாட்சியான அல்லது குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. பெயரை மட்டும் நீக்கிவிட்டு, தந்தையின் பெயரையும் பள்ளியையும் குறிப்பிட்டால் அக்கம்பக்கத்தார் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அதை நாமும் வெளியிடுவதற்குக் காரணமாகாது. மாணவர் இதழுக்கு எழுதும்போதே இந்தக் கவனம் வர வேண்டும்.

படிப்பு வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்குப் பின், ஆறாம் படிவத்தின் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடித்தளக் கல்வி, டிப்ளோமா ஆகிய எந்த வழியிலும் தொடர்பியல் துறைக்குப் போகலாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பள்ளி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஊடகவியலும், 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையும் உள்ளன. அரசுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மூயட் என்ற ஆங்கில மொழித் தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரியானால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அவளுக்கு வலு வேண்டும்; தமிழ்ச் செய்தியாளருக்கும் கேள்விகளில் பாதியை அந்த மொழிகளில்தான் கேட்க வேண்டியிருக்கும். வேலை என்று பார்த்தால், நாளேடுகளைத் தவிர அரசு வானொலி தொலைக்காட்சியான ஆர்டிஎம், அதன் தமிழ் வானொலியான மின்னல் பண்பலை, பெர்னாமா, ஆஸ்ட்ரோ ஆகியவற்றிலும் தமிழ்ச் செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. நிறுவனங்களின் தொடர்புப் பிரிவுகளிலும், செய்தி எழுதிப் பழகியவரை விரும்பித்தான் எடுக்கிறார்கள். குடும்பத்தார் சொல்லும் கணக்கியலையும் நான் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. வரவுசெலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்த செய்தியாளர்கள் நம்மிடையே மிகக் குறைவு; எஸ்பிஎம்மில் அவள் கணக்கியல் பாடம் எடுத்திருந்தால் அதை நன்றாகவே படிக்கட்டும்.

இப்போதைக்கு வாரத்துக்கு ஒரு செய்தி போதும், தேர்வுப் படிப்புக்கு இடைஞ்சல் ஆகாது. வெகுதூரம் போக வேண்டியதில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விலை ஏறியது, அடைமழையில் வீட்டருகே சாலையில் வெள்ளம் நின்றது, கோயில் திருவிழாவுக்குச் சாலையை மூடினார்கள் என்று நடந்து போகும் தொலைவிலேயே செய்தி கிடைக்கும். எழுதியதை உங்களிடம் உரக்கப் படித்துக் காட்டட்டும். "இதை யார் சொன்னது?" என்று நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அவள் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

முதல் வேலையாக அந்த மின்தூக்கிச் செய்தியையே முடிக்கட்டும். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்துக்கு நீங்களும் உடன் சென்று, பழுது எப்போது தெரிவிக்கப்பட்டது, பழுதுபார்ப்பவர் எப்போது வந்தார், எந்த உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கிறார்கள், என்றைக்குச் சரியாகும் என்ற நான்கையும் அவளே கேட்கட்டும். நீங்கள் அருகில் இருந்தால் போதும், அவளுக்காகப் பேச வேண்டாம். தானும் அந்தக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள் என்பதை அங்கேயும் சொல்ல வேண்டும், செய்தியிலும் எழுத வேண்டும். பெயரைப் போட மூதாட்டி சம்மதிக்கிறாரா என்பதைப் படிக்கட்டிலேயே கேட்டுக்கொள்ளட்டும். நிர்வாகத்தினர் பதில் சொல்ல மறுத்தால், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பொறுப்பிலுள்ளவரிடம் கேட்டாள் என்பதைக் குறித்துவைத்து, அதையும் செய்தியின் கடைசிப் பத்தியில் சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.