கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பால் ஸ்கோர் புரியுமா?

டெட்ராய்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் இந்த ஊர் பேஸ்பால் அணியான டைகர்ஸ் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள், பேப்பரில் வரும் எண்களைப் பார்த்தால் தலைகால் புரியவில்லை, கிரிக்கெட் மட்டும் தெரிந்தவன் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, கிரிக்கெட் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அந்த அட்டவணைக்குப் பெயர் பாக்ஸ் ஸ்கோர். அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். நம் ஊர் ஸ்கோர் அட்டைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர், ஹெச், இ என்ற மூன்று எழுத்து. ரன், ஹிட், எரர். ஹிட் என்றால் பந்தை அடித்துத் தன் அடியாலேயே பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தை, பிடிப்பது. ஃபீல்டர் சொதப்பியதால் பிழைத்தால் அது எரர் கணக்கில் போகும். எது எது என்று முடிவு செய்ய மைதானத்தில் தனியாக ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பார். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், 8.2 இன்னிங்ஸ் வீசினார் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், நம் 8.2 ஓவர் மாதிரிதான்: எட்டு முழு இன்னிங்ஸ், அதற்கு மேல் இரண்டு அவுட் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்). மற்றது பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

நான் படிக்கக் கற்றது ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து. 2010 ஜூன் 2, இங்கே கொமெரிகா பார்க் மைதானத்தில் டைகர்ஸும் கிளீவ்லாந்தும் ஆடியது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பேப்பர் துண்டை இன்னும் வைத்திருக்கிறார், சமையலறை மேசையில் விரித்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். டைகர்ஸ் 3, கிளீவ்லாந்து 0. பிட்சர் அர்மாண்டோ கலராகா: 9 இன்னிங்ஸ், 1 ஹிட், 0 ரன், வாக் (தப்பான பந்துகள் வீசி பேட்டரைச் சும்மா பேஸுக்கு விடுவது) கிடையாது, 3 ஸ்ட்ரைக் அவுட் (பிட்சரின் வீச்சிலேயே பேட்டர் அவுட் ஆவது), மொத்தம் 88 பந்து. அப்புறம் கிளீவ்லாந்து பேட்டர்கள் பக்கம் போனார். ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட், ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடித்தால் பெர்ஃபெக்ட் கேம். அதற்கு முந்தைய நூற்றுச் சொச்சம் வருடத்தில் 20 தடவைதான் நடந்திருந்தது. ஆனால் அட்டவணையில் அவர்கள் பேட் பிடித்த தடவைகளின் கூட்டுத்தொகை 28.

அந்த ஒன்று கூடியது எப்படி? 26 பேர் வரிசையாக அவுட். 27-வது ஆள் ஜேசன் டொனால்ட் தரையோடு அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து வீச, ஓடிவந்து பேஸை மிதித்தபடி கலராகா பிடித்தார், டொனால்ட் ஒரு அடி பின்னால்தான் இருந்தார், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்', அதாவது நாட் அவுட், என்று கைகளை விரித்துவிட்டார். அடுத்த ஆள் அவுட், ஆட்டம் முடிந்தது. ரீப்ளேயைப் பார்த்த ஜாய்ஸ் தப்பு தன்மேல்தான் என்று அன்று இரவே வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் டைகர்ஸ் ஆட்டக்காரர் பட்டியலை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது கலராகாவே. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆனாலும் டொனால்ட் பெயருக்கு நேரே ஹிட் கணக்கில் அந்த '1' அப்படியே இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகளை ரீப்ளேயில் திருத்தும் முறை 2014-இல்தான் வந்தது. அழிக்காதது சரி என்பதுதான் என் கட்சி, ஏனென்றால் அட்டவணையின் வேலை மைதானத்தில் என்ன தீர்ப்பு சொன்னார்களோ அதை எழுதிவைப்பது, நமக்குப் பிடித்ததை எழுதுவது இல்லை. பெரியவருக்கு இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை, இன்றுவரை வாதாடுவார்.

நாளை சாப்பாட்டு மேசையில் இந்த 28-ஐப் பற்றி மட்டும் கேளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கருத்து வைத்திருப்பார்கள், அன்று எங்கே இருந்தார்கள் என்பது முதற்கொண்டு சொல்வார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு வாருங்கள், பெரியவரும் வருவார், பென்சில் அவரிடமே இருக்கும்.