ஆறு பேர் வகுப்பா, முப்பது பேர் வகுப்பா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அறந்தாங்கியிலிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டாவது குழந்தை சிசேரியன், அதற்கு ஒன்றரை வருடம் முடிந்துவிட்டது. இடுப்பு வலிக்கு எடை தூக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தனியாக ஜிம்முக்குப் போகக் கூச்சம். தெரிந்தது மூன்று வழி: சனிக்கிழமை காலை பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், பாட்டுக்கு ஆடிச் செய்யும் இலவச செனாம்ரோபிக் உடற்பயிற்சி; கடைவீட்டு மாடியில் பாட்டுப் போட்டு முப்பது பேர் பார்பெல் என்னும் நீளக் கம்பி எடையைத் தூக்கும் வகுப்பு, மாதம் 90 வெள்ளி (ரிங்கிட்); பெண்கள் ஆறு பேர் மட்டும் சேர்ந்து எடை பழகும் மாலை வகுப்பு, எட்டு தடவைக்கு 160 வெள்ளி. எதில் சேர்வது, உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடாதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு பேர் வகுப்பில் சேருங்கள். காசு கூட என்று யோசிப்பீர்கள், தெரியும். நானும் 2009-ல் மன்னார்குடியிலிருந்து இங்கே வந்தபோது ஒவ்வொரு வெள்ளியையும் ரூபாயாக மாற்றிப் பார்த்தவள்தான். அந்தக் கணக்கில் ஈப்போவில் ஒரு பெரிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை மேடையில் கண்ணாடியைப் பார்த்துத் தானும் செய்துகொண்டிருந்தார், நான் கடைசி வரிசை. டெட்லிஃப்ட், அதாவது குனிந்து தரையிலிருந்து எடையைத் தூக்குவது, செய்யும்போது என் முதுகு வில்லாக வளைந்ததை யாரும் பார்க்கவில்லை. பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுத்தேன். மூன்றாவது வாரம் குனிந்து பிள்ளையின் செருப்பை எடுக்க முடியவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் எந்த வகுப்புப் பக்கமும் போகவில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த மாதிரி வகுப்பே தப்பு என்று சொல்ல வரவில்லை. குறைந்த எடையை நிறைய தடவை தூக்குவது, நிதானமாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு நல்ல பயிற்சி. புதிதாக வருகிறவருக்கு முதல் பத்துத் தடவை ஒழுங்காக வரும். நாற்பதாவது தடவையில் தசை களைத்து, வேலையை இடுப்பு வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் "நிறுத்துங்க, எடையைக் குறைங்க" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். முப்பது பேருக்கு ஒரு ஆசிரியரால் அது முடியாது.

அதனால் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியை நடந்துகொண்டே இருக்கிறாரா, பக்கவாட்டில் நின்று ஒவ்வொருவரின் முதுகையும் முழங்காலையும் பார்க்கிறாரா? அடுத்து, உங்களைப் பற்றி என்ன கேட்கிறார் என்று பாருங்கள். சிசேரியன், ரத்த அழுத்தம், மூட்டு, மருந்து எதையும் கேட்காமல் "வாங்க, சேர்ந்துடுங்க" என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம். 2 கிலோ டம்பெல் (கையில் பிடிக்கும் எடை) மட்டும் அடுக்கியிருந்தால் ஆறு மாதத்தில் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள்; 15 கிலோ வரைக்குமாவது படிப்படியாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதி வைக்கிற வகுப்பில்தான் பலம் ஏறும். தினம் தினம் புதுப் புது அசைவாகக் காட்டும் வகுப்பில் வியர்க்கும், பொழுது போகும், ஆனால் எதுவும் படியாது. உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது: இந்த ஐந்தும் திரும்பத் திரும்ப வந்தால் போதும்.

சுமந்து நடப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாமானில், நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஒரு பாட்டி இருக்கிறார், சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். நான் இரண்டு கையிலும் டம்பெல் வைத்து வாசலில் நடந்து பழகியதைப் பார்த்துவிட்டு, "தரையைப் பார்க்காதம்மா, பால் சிந்திடும்" என்றார். தோளில் வைக்கும் காண்டா கம்பில் இரு பக்கமும் பால் வாளி மாட்டி, மேடு பள்ளத்தில் நடந்தவர் அவர். நிமிர்ந்து, தோளை இறக்கி, பார்வையை நேரே வைத்து நட என்று என் ஆசிரியை சொன்னதும் அதேதான்.

உடம்பு ஆம்பளை மாதிரி ஆகாது. தசையைப் பெரிதாக வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகவும் குறைவு. நீங்கள் படத்தில் பார்க்கும் அந்த உடம்புக்குப் பின்னால் பல வருடப் பயிற்சியும் அளந்து சாப்பிட்ட சாப்பாடும் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைக்கப்போவது இடுப்புக்குத் தாங்கு பலம், எலும்புக்கு உறுதி, ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசை. கடைசியில் சொன்னது நமக்கு ரொம்ப முக்கியம். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக எட்டு வகுப்பு ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். நான்கைந்து மாதம் இங்கே பழகி முதுகு நேராக நிற்கத் தெரிந்த பிறகு, வேண்டுமானால் 90 வெள்ளி வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம். சனிக்கிழமை செனாம்ரோபிக்கை விடாதீர்கள். அது எடைப் பயிற்சி ஆகாது, ஆனால் இதயத்துக்கு நல்லது, ஊரில் நாலு பேர் பழக்கமாவார்கள்.

குதிக்கும்போதோ எடை தூக்கும்போதோ சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பிள்ளை பெற்ற பலருக்கும் இருக்கிறது, பிசியோதெரபியில் சரிப்படுத்தலாம். ஆசிரியையிடம் சொன்னால் அந்த அசைவை மாற்றிக் கொடுப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள்.

மலாய் மொழிக்கும் பயப்பட வேண்டாம். துருன் என்றால் இறங்கு, நாயிக் என்றால் ஏறு, தஹான் என்றால் அப்படியே பிடி, ரேஹாட் என்றால் ஓய்வு. "சாக்கிட் பிங்காங்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினால் இடுப்பு வலி என்று புரிந்துகொள்வார்கள். நோன்பு மாதத்தில் நேரம் மாறலாம், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீங்கள் சைவம் என்றீர்களே, பசாரில் (சந்தையில்) தெம்பே வாங்குங்கள், புளிக்க வைத்த சோயா கட்டி அது, 100 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். நம் வீட்டு மிளகு வறுவல் மாதிரியே செய்யலாம்.

முதல் வகுப்பு செவ்வாய்க்கிழமை என்றால் புதன், வியாழனில் தொடை வலிக்கும், மாடிப்படி இறங்க முடியாது. அது தசை வலி, தானாகப் போய்விடும். இடுப்பிலோ மூட்டிலோ சுரீரென்று குத்தினால் மட்டும் ஆசிரியையிடம் சொல்லுங்கள். தொடை வலிக்கிறதே என்று வெள்ளிக்கிழமை வகுப்பை விட்டுவிடாதீர்கள். நிறைய பேர் நின்றுபோவது அந்த இரண்டாவது வகுப்பில்தான்.