குரல் தணிந்தவர்கள் கூடிப் பாடினால் அது கோரிக்கையாகுமா?

பார்க்கின்சன் நோயாளர் சேர்ந்து பாடுவது, நல்ல பராமரிப்பைக் கேட்கும் பரப்புரையாக எப்படி அமையும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூளையில், உடலசைவுக்கு உதவும் டோப்பமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் வரும் இந்நோயைப் பலர் கைநடுக்கமாக மட்டுமே அறிவார்கள். ஆனால் தாம் உரத்துப் பேசுவதாகவே எண்ணிக்கொண்டு முணுமுணுப்பவர்கள் இவர்களில் ஏராளம். கிளினிக்கில் தமக்கு வேண்டியதைக் கேட்கும்போதும் அவர்களுடைய சொல் வைத்தியரின் மேசையைத் தாண்டுவதில்லை.

பாட்டில் நிலைமை மாறுகிறது. கூத்துக் களரியில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் தட்ட, பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடும் முறையை மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை. அப்படித் தாளம் வெளியிலிருந்து கிடைக்கும்போது, மூச்சை ஆழ இழுத்துக் குரலை உயர்த்துவது இவர்களில் பலருக்கு எளிதாகலாம். கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடும் சிலர் அத்தாளத்தைப் பிடித்தே அடியெடுத்து வைப்பதும் உண்டு. இது நோயைக் குணமாக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 11, உலகப் பார்க்கின்சன் தினத்தன்று, ஊர் கூடும் இடமொன்றில் இவர்கள் பாடினால், இரக்கத்தை அல்ல, கவனத்தைப் பெறுவார்கள் என்பது என் கருத்து. பாடி முடித்தவுடன் கோரிக்கையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்நோய்க்கான முக்கிய மருந்தாகிய லெவோடோப்பா குளிசை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும், வார்டில் தங்குபவருக்கும் அவரவர் வழக்கமான நேரத்திலேயே அது கொடுக்கப்பட வேண்டும். அது பிந்தினால் உடல் விறைத்து, தேநீர்க் கோப்பையைத் தூக்குவதுகூடச் சிரமமாகலாம். பாடும் நேரத்தையும் குளிசை வேலைசெய்யும் நேரம் பார்த்தே குறியுங்கள்.