மனசு விட்டுக் கேளுங்க: "நீயெல்லாம்" என்று உள்ளே பேசுவது யார்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை வாங்கி முடித்து அனுப்பும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை) இருக்கிறேன், வயது 31. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆர்டரில் சைஸ் ரேஷியோவை, அதாவது எந்த சைஸில் எத்தனை பீஸ் என்ற கணக்கை, தப்பாகப் போட்டுவிட்டேன். பேக்கிங்கில்தான் தெரிந்தது. திரும்பத் தைத்து முடிப்பதற்குள் நாள் ஓடிவிட, கப்பலில் போக வேண்டிய சரக்கு அதிகச் செலவில் விமானத்தில் போனது. எல்லார் முன்னாலும் முதலாளி சத்தம் போட்டார். அதிலிருந்து எந்த மெயில் அனுப்பினாலும் நாலு தடவை பார்க்கிறேன். "நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றே" என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்தால் பையனோடு பேசக்கூடத் தெம்பில்லை. முன்பு சாம்பிள் ஓகே ஆனால் சந்தோஷமாக இருக்கும், இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?
- பெயர் வேண்டாம், பல்லடம்

பதில்: அம்மணி, கடைசியில் நீங்கள் கேட்டதை விட, நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றே." உங்களைப் பற்றி நீங்களே நினைப்பதாக இருந்தால் "நான்" என்றுதானே வரணும்? "நீயெல்லாம்" என்பது எதிரே நின்று ஒருத்தர் இன்னொருத்தரைச் சொல்கிற வார்த்தை. அந்தப் பேச்சு எப்போதோ வெளியிலிருந்து வந்து உள்ளே தங்கிவிட்டது. முதலாளியாக இருக்கலாம், பத்தாவதில் கணக்கு டீச்சராக இருக்கலாம், வீட்டில் பெரியவங்க யாராவது இருக்கலாம். யார் குரல் மாதிரி கேட்கிறது என்று இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். யார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பத்து நாளைக்கு, அந்தக் குரல் வரும்போதெல்லாம் மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அது சொன்ன வார்த்தை என்ன என்று மட்டும் எழுதுங்கள். எதிர்வாதம் வேண்டாம், "நான் கெட்டிக்காரி, என்னால் முடியும்" என்று சமாதானமும் வேண்டாம். களைத்துப்போன மனசு அந்த மாதிரிப் புகழ்ச்சியை நம்பாது, அதையும் பொய் என்று சொல்லி இன்னும் ஒரு குட்டு வைக்கும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட நினைப்புகள் கூப்பிடாமலே, கண் சிமிட்டுகிற நேரத்தில் வந்து போவதைக் கவனித்தார். வந்ததே தெரியாது, வலி மட்டும் தங்கிவிடும். அவற்றைப் பிடித்து எழுதி, நடந்த விஷயத்தோடு ஒத்துப் பார்க்க வைப்பதைச் சிகிச்சையாகவே அவர் வளர்த்தெடுத்தார்.

எழுதினால் உங்களுக்கு என்ன தெரியும் என்று என் ஊகத்தைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மத்தியானம் தாண்டிவிடும், சரக்கு வாங்கும் பையர்களின் மெயில் வரிசையாக வருவது அதற்கப்புறம்தான். மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்த நாளில், அந்த நேரத்தில், குரல் பெரிதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வளவாக இருக்காது. உங்கள் தகுதி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, புதன்கிழமை நாலு மணிக்கு ஒன்று என்று மாறுமா? மாறுவது பசியும் களைப்பும்தான்.

இன்னொன்றும் எழுதுங்கள். இந்த ஆறு மாதத்தில் எத்தனை ஆர்டர் உங்கள் கை வழியாகப் போனது, எத்தனை ஒழுங்காகக் கப்பல் ஏறியது? அந்த ரேஷியோ ஷீட்டைக் கட்டிங்குக்கு முன்னால் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கும் ஏற்பாடு உங்கள் கம்பெனியில் இருந்ததா? தப்பு உங்களுடையதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் தாண்டிப் பேக்கிங் வரை அது வந்திருக்கிறது என்றால், நடுவில் பிடிக்க ஆளில்லை என்பதும் உண்மை. அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேர்.

வேலையில் தேய்ந்துபோவதை, அதாவது "பர்ன் அவுட்" என்பதை, பல வருடம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்: தூங்கினாலும் தீராத களைப்பு, வேலை மேல் பிடிப்பு விட்டுப்போவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கிறது. "நான் லாயக்கில்லை" என்பது அந்த மூன்றாவது. காய்ச்சல் வந்தால் வாய் கசக்கிற மாதிரி அது, அந்த நேரத்தில் சோறு கெட்டுப்போனது என்று முடிவு கட்டக் கூடாது.

மனசை மட்டும் சரிசெய்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன், அது உங்களுக்குச் செய்கிற அநியாயம். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்தால் யாராக இருந்தாலும் தேய்வார்கள். மேனேஜரிடம் போய் "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இன்ன ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றுங்கள், ரேஷியோ ஷீட்டில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணிக்குக் கிளம்புகிறேன் என்று திட்டமாகக் கேளுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நம் பெண்களின் களைப்பு பல நேரம் அங்கே ஒளிந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலோ, நோட்டோடு நிற்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் (அரசாங்கத்தின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பையனோடு பேசத் தெம்பில்லை என்றால் பேச வேண்டாம். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், அவன் பேசட்டும்.

கேள்வி: நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கி நீட்டுக்கு இரண்டாவது வருடம் படிக்கிறேன். ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் "மக்கு, மக்கு" என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். திட்டினால்தான் படிப்பேன் என்று நினைத்தேன், இப்போது புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.
- ஒரு மாணவன், சங்ககிரி

பதில்: தம்பி, பக்கத்துக் கட்டில் பையன் மார்க் குறைந்து வந்து உட்கார்ந்தால் அவனை "மக்கு" என்பாயா? "எந்த சாப்டர்ல போச்சு?" என்று கேட்பாய். அதையே உன்னிடம் கேள், உன் பேரைச் சொல்லியே கேள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈதன் கிராஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசித்தவர்களை விட, தன் பேரைச் சொல்லித் தனக்குள் பேசியவர்கள் கூச்சமும் கலக்கமும் குறைவாக இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போடும்போது மார்க்கை மட்டும் சொல்லாதே, இந்தப் பயத்தையும் அம்மாவிடம் சொல்லிவிடு.

கேள்வி: கோயமுத்தூரில் ஐ.டி.யில் இருந்த என் மகன் "பர்ன் அவுட்" என்று வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். எங்க அப்பாரு விடியக்காலையில் கவலை ஓட்ட (மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணி இறைக்க) போனவர், ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லை. சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பேரா?
- ஒரு தகப்பனார், காங்கேயம்

பதில்: கோபம் புரிகிறதுங்க. அதில் பாதி பையனைப் பற்றிய பயம் என்றும் புரிகிறது. அந்தப் பேர் சோம்பேறிகளைப் பார்த்து வைத்ததில்லை. 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் விழுந்து விழுந்து வேலை பார்த்தவர்கள் கருகிப்போவதைப் பார்த்து எழுதியது. அவரும் அதில் ஒருவர். 2019இல் உலக சுகாதார நிறுவனமும் இதை வேலையால் வருவது என்றே பட்டியலில் சேர்த்தது, நோய் என்று சொல்லவில்லை.

கவலை ஓட்டியது நீங்களே சொன்னது. வெயில் ஏறினால் உங்க அப்பாரு என்ன செய்தார்? மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டி நிழலில் கட்டினார். படுத்த மாட்டைச் சோம்பேறி என்று அடித்திருக்க மாட்டார், கால், குளம்பு, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்திருப்பார். உங்கள் பையனின் வேலையில் வெயில் ஏறுவது தெரியாது. போன் ராத்திரி பதினொரு மணிக்கும் அடிக்கும். "அடுத்து எங்கே வேலை தேடறே" என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். சாயங்காலம் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கே என்ன நடந்தது என்று அவனாகச் சொல்லும்வரை தண்ணி பாய்ச்சிக்கொண்டிருங்கள்.