பழைய காருக்கு வெளிச்சந்தை உதிரிபாகங்களைப் பொருத்தலாமா?

பெங்களூரில் 2004-ஆம் ஆண்டு மாருதி 800 வைத்திருக்கும் நீங்கள், பிரேக் பேட், டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் பட்டை), பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஆகியவற்றை, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலையில், கார் நிறுவனத்தின் பெயரில் வராத வெளிச்சந்தைப் பொருளாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்ணாடியைத் தயங்காமல் வாங்கலாம்; சற்றுப் பொருந்தாவிட்டாலும் கையோடு மாற்றிக்கொள்ளலாம். பிரேக் பேடின் உராய்வுப் பொருள் தரமற்றதாக இருந்தால், சூடேறும்போது பிடிப்புக் குறைந்து, வண்டி நிற்பதற்கான தூரம் கூடிவிடும். டைமிங் பெல்ட் அறுந்தாலோ எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுவிடும், சில எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வால்வுகளும் வளைந்துவிடும். ஆகவே இவ்விரண்டையும், கார் நிறுவனங்களுக்கே பாகங்கள் செய்து தரும் பாஷ், கேட்ஸ் போன்றவற்றின் தயாரிப்பாகப் பார்த்து, பில்லுடன் மட்டுமே வாங்குங்கள் (போலிப் பெட்டிகளும் புழங்குகின்றன). கழற்றிய பழைய பெல்ட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, பற்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒப்பிடுவது நல்லது. பெல்ட்டை மாற்றும்போதே, அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் பேரிங் தேய்ந்திருந்தால் புதிய பெல்ட்டும் விரைவில் கெட்டுவிடும்.