ஒரு பஸ், இரண்டாகத் தெரிந்தால்...

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நான்கு நாட்களாக எதிரே வரும் பஸ் பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் பஸ் ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் சேர்ந்து அசையவில்லை என்று பொருள். வலப்பக்கம் பார்க்கும்போது இடைவெளி கூடுகிறதா? அப்படியானால் வலக்கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாவது மூளை நரம்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். நாள்பட்ட சர்க்கரை, அந்த நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களைக் கெடுத்துவிடும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். சரியாகாவிட்டால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதுவரை ஒரு கண்ணுக்கு மறைப்பு, அல்லது கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் (ஒளியை வளைத்து இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கும் வில்லை). சொட்டு மருந்தால் பயனில்லை. வண்டி ஓட்டவே கூடாது (அப்பாக்கள் கேட்கமாட்டார்கள், சாவியை ஒளித்துவையுங்கள்).

எதுவானாலும் நாளையே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இமை தொங்கி, கண்மணி விரிந்திருந்தாலோ, கடும் தலைவலி, நாக்குழறல், தள்ளாட்டம் சேர்ந்தாலோ நாளைவரைகூடக் காத்திருக்காதீர்கள். மூளை ரத்தக்குழாயில் வீக்கமோ, பக்கவாதமோ இருக்கலாம். இரவென்றாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.