வாரா வாரம் காய்கறிப் பை: ஐப்பசி மழைக்கு ஆனியிலயே என்ன பண்ணணும்?

கேள்வி: ஐயா வணக்கம். மதுராந்தகம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர், மேல்பக்கம் செம்மண், கீழ்ப்பக்கம் களி, கிணறு இருக்கு, சொட்டுநீர் போட்டிருக்கேன். சென்னையில ஒரு அபார்ட்மென்ட்ல 30 குடும்பம் மூணு மாச பணத்தை முன்னாடியே குடுத்துட்டு சனிக்கிழமை சனிக்கிழமை 5 கிலோ பை வாங்குறாங்க, 8 வகைன்னு சொல்லியிருந்தேன். போன ஐப்பசி கார்த்திகையில தக்காளி மொத்தமா போச்சு, கீரை அழுகிடுச்சு, ரெண்டு வாரம் மார்க்கெட்ல வாங்கி பையை நிரப்பினேன். சித்திரையில 25 சென்ட் வெண்டை ஒரேயடியா காய்ச்சு வீட்டுக்கு 3 கிலோ குடுக்க வேண்டியதாப்போச்சு, 6 பேர் நின்னுட்டாங்க. கேரட் பீன்ஸ் வேற கேக்குறாங்க. ஆடிப்பட்டம் வரப்போகுது, எப்படி பிளான் பண்றது?

பதில்: வணக்கம் தம்பி. நல்லவேளை ஆனியிலயே கேட்டீங்க, புரட்டாசியில கேட்டிருந்தா நான் சொல்றதுல பாதி பிரயோஜனம் இல்லாம போயிருக்கும்.

உங்க சிக்கல் மழையில ஆரம்பிக்கல, 5 கிலோ 8 வகைன்னு வருஷம் பூரா ஒரே மாதிரி வாக்கு குடுத்தீங்க பாருங்க அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. அது கடைக்காரர் குடுக்கிற வாக்கு, அவருக்கு கோயம்பேடு இருக்கு, ஊட்டியில இருந்தும் ஓசூர்ல இருந்தும் லாரி வருது. நீங்க பண்றது பங்கு முறை. ஜப்பான்ல 1970கள்ல தெய்கெய்னு தொடங்கினது, 1986ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்லயும் நியூ ஹாம்ப்ஷயர்லயும் ரெண்டு பண்ணைங்க ஆரம்பிச்சது, எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான், பணம் கட்டுறவங்க விளைச்சல்லயும் பங்கு, நஷ்டத்துலயும் பங்கு. அதை உங்க மெம்பருங்ககிட்ட வாய்விட்டு சொன்னீங்களான்னு தெரியல. சொல்லாம இருந்தா அவங்க பையை பிரிச்சு கடை ரேட்டோட கணக்கு போட்டுத்தான் பார்ப்பாங்க, அதுல அவங்க மேல தப்பே இல்ல.

அதனால ஆடிக்கு பணம் வாங்குறப்பவே சொல்லிடுங்க, ஐப்பசி கார்த்திகையில பை மூணு மூணரை கிலோதான் இருக்கும், 5 வகைதான் வரும், தை மாசியில 6 கிலோ தாண்டும், சராசரியில உங்களுக்கு குறையாதுன்னு. புயல் வர்ற வாரம் பை இல்லன்னும் இப்பவே சொல்லி வைங்க, 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் வந்தப்போ உங்க பக்கம் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லவேண்டியதில்ல. நம்ம வடகடலோர ஜில்லாங்களுக்கு வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடுது, அதுல தக்காளி பழுத்து நிக்கும்னு நம்பி பணம் வாங்குறது ஆகாத காரியம்.

மார்க்கெட்ல வாங்கி நிரப்பினது பத்தி. அவங்களுக்கு தெரியாம வாங்கி போட்டிருந்தா இனிமே வேண்டாம். பணம் முன்கூட்டி குடுக்கிறதே உங்க நிலத்து காய்னு நம்பித்தான், அது ஒருதடவை உடைஞ்சா நீங்க என்ன குடுத்தாலும் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. பக்கத்து விவசாயிகிட்ட வாங்கினா சீட்டுல எழுதுங்க, இது எங்களுது இல்ல, இந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கேரட் பீன்ஸுக்கும் இதே பதில்தான், கோத்தகிரி பக்கம் ஒரு விவசாயியோட பேசி மாசம் ஒருதடவை தருவிச்சு பேர் போட்டு குடுங்க, இல்லன்னா கிடையாதுன்னு சொல்லிடுங்க. நம்ம சமவெளியில மார்கழிக்கு மேல முள்ளங்கி, பீட்ரூட் நல்லா வரும், கோஸும் ஓரளவு வரும், கேரட்டுக்காக மல்லுக்கட்டாதீங்க.

இப்ப வெண்டைக்கு வர்றேன், இதுல கொஞ்சம் கணக்கு இருக்கு, பேப்பர் எடுத்து வெச்சுக்கோங்க. உங்களுக்கு 30 வீட்டுக்கு வீட்டுக்கு அரைகிலோன்னா வாரம் 15 கிலோ போதும். மருந்து உரம் இல்லாம பண்றப்போ ஒரு சென்ட் வெண்டை, காய்ப்பு நல்லா இருக்கிற காலத்துல வாரத்துக்கு 4 கிலோன்னு வெச்சுக்கோங்க, அப்போ 4 சென்ட் போதும். நீங்க 25 சென்ட் போட்டிருக்கீங்க, 100 கிலோ வராம என்ன பண்ணும்? வெண்டை விதைச்ச 45 நாள்ல பறிக்க ஆரம்பிச்சு மூணு மாசத்துல ஓய்ஞ்சுடும், நல்ல காய் வர்றது நடுவுல அஞ்சாறு வாரம்தான். அதனால 4 சென்ட் போட்டுட்டு அஞ்சு வாரம் கழிச்சு அடுத்த 4 சென்ட், அதுக்கப்புறம் அடுத்தது, இப்படி விட்டு விட்டு போடணும். கொத்தவரைக்கும் முள்ளங்கிக்கும் இதே மாதிரி தவணையா போடுங்க. கத்தரி மட்டும் வேற, ஒருதடவை நட்டா நாலஞ்சு மாசம் நிக்கும், ஒரு ஆறு சென்ட் போதும் உங்களுக்கு.

கத்தரி நாத்து இன்னும் விடலைன்னா இந்த வாரமே விடுங்க, 30 நாள்ல பிடுங்கி நட்டா ஐப்பசி மழை வலுக்கிறதுக்குள்ள வேர் பிடிச்சு காய்ப்புக்கு வந்துடும். மேல்பக்க செம்மண்ணுலதான் நடணும், களியில தண்ணி ஒருநாள் நின்னாலும் வாடல் வந்துடும். சுண்டைக்காய் வேர்ச்செடியில ஒட்டு கட்டின கத்தரி நாத்து இப்ப நர்சரியில கிடைக்குது, விலை கூடத்தான், ஆனா வாடலை தாங்கும், கவாத்து பண்ணி விட்டா வருஷம் தாண்டியும் காய்க்கும், ஒரு 50 நாத்தாவது வாங்கி மூணு அடி இடைவெளி விட்டு நட்டு பாருங்க. நுனி தொங்கிப்போன தளிரை பார்த்தா கீறி பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா புழு இருக்கும், அந்த நுனியை ஒரு விரல் நீளம் கீழ வரைக்கும் கிள்ளி எடுத்து எரிச்சுடணும், செடியிலயோ வரப்புலயோ போட்டா மறுபடி ஏறிடும். வாரம் ஒருதடவை இதை பண்ணினாலே பாதி சொத்தை குறையும்.

தக்காளியை ஐப்பசி கார்த்திகையில மறந்துடுங்க. கார்த்திகை பாதிக்கு மேல மழை படாத இடத்துல நாத்து விட்டு மார்கழியில நடுங்க, மாசி பங்குனியில பை பூரா தக்காளிதான்.

அப்போ மழை மாசத்துல பையில என்னதான் போடுறது? இதுக்குத்தான் இப்பவே வேலை பார்க்கணும்னு சொன்னேன். முதல் வேலையா பரங்கியும் வெள்ளைப்பூசணியும் இந்த வாரமே ஊனுங்க. பரங்கி 100, 110 நாள்ல வந்துடும், பூசணிக்கு இன்னும் ஒரு மாசம் சேர்த்துக்கோங்க. முத்தின பரங்கின்னா காம்பு காய்ஞ்சு தக்கை மாதிரி ஆகியிருக்கும், நகத்தால அழுத்தினா தோல்ல பள்ளம் விழாது, அப்பத்தான் அறுக்கணும், காம்பை ரெண்டு இஞ்ச் விட்டு அறுத்து ஒண்ணோட ஒண்ணு உரசாம காத்தோட்டமான மேட்டுல வைக்கோல் மேல வெச்சா ரெண்டு மூணு மாசம் அசையாது. பையில போடுறப்போ பத்தை போட்டு குடுக்கலாம், முழுசா குடுத்தா சென்னை வீட்டுல ஃப்ரிட்ஜுக்குள்ள அடங்காது. புரட்டாசியில பாதி அபார்ட்மென்ட் கறி மீன் விட்டுடும், காய் அப்பத்தான் ரொம்ப கேப்பாங்க, ஆயுத பூஜைக்கு உடைக்கிறதுக்கும் பூசணி வேணும், அதை மட்டும் பக்கத்து யார்கிட்டயாவது முன்கூட்டியே சொல்லி வைங்க, உங்களுது அதுக்குள்ள முத்தாது.

கீழ்ப்பக்க களியை காய்க்கு பாழாக்காதீங்க, அங்க சேப்பங்கிழங்கு போடுங்க, ஈரம்னா அதுக்கு உயிர், இப்ப நட்டா மார்கழிக்கு வெட்டலாம். வாய்க்கா ஓரமா பொன்னாங்கண்ணி, வல்லாரை. வரப்பு பூரா வாழை, புயல்ல சாய்ஞ்சாலும் பூ, தண்டு, காய் மூணும் அந்த வாரத்து பைக்கு ஆகும். கோவைக்காய் தண்டு வெட்டி பந்தல் ஓரத்துல பத்து குழியில ஊனுங்க, ஒருதடவை பிடிச்சா வருஷக்கணக்கா காய்க்கும். மழையில முருங்கைக்காய் கிடைக்காது ஆனா முருங்கைக்கீரை கிடைக்கும், அகத்தி கிடைக்கும், கொடிப்பசலை கிடைக்கும். தரையில விதைக்கிற கீரைதான் மழைக்கு அழுகும், மரத்துலயும் கொடியிலயும் வர்ற கீரைக்கு ஒண்ணும் ஆகாது, போன வருஷம் உங்ககிட்ட இது மூணும் இருந்திருந்தா பையில கீரை இல்லாம போயிருக்காது.

தரைக்கீரையும் வேணும்னா 4 அடி அகலம் 25 அடி நீளத்துல அரை அடி மேட்டுப்பாத்தி, வாரா வாரம் புதுசா ரெண்டு பாத்தி விதைக்கணும், விடக்கூடாது. முளைக்கீரை, சிறுகீரை 25 நாள்ல பிடுங்கலாம், ரெண்டு பாத்தியில 15 கிலோவுக்கு குறையாது, வீட்டுக்கு அரைகிலோ ஆச்சு. விதையை மணல்ல கலந்து தூவிட்டு மேல லேசா வைக்கோல் பரப்பிடுங்க, இல்லன்னா பெருமழை துளி விழுந்து விதை அத்தனையும் ஒரு மூலைக்கு ஒதுங்கிடும், முளைச்சதும் வைக்கோலை எடுத்துடணும். விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா பொடி போட்டு நேர்த்தி பண்ணிடுங்க, நாத்தழுகல் குறையும்.

சித்திரையில கொட்டின வெண்டையை வீட்டுக்கு 3 கிலோ தள்ளினீங்களே, அதை அறுத்து மோர்ல போட்டு வத்தல் போட்டிருக்கலாம். நம்ம ஊர்ல வெயில் காலத்து காயை மழைக்காலத்துக்கு கொண்டுபோறதுக்குத்தானே கொத்தவரை வத்தல், கத்தரி வத்தல், சுண்டை, மணத்தக்காளி, மோர்மிளகாய் எல்லாம். 10 கிலோ வெண்டை காய்ஞ்சா ஒரு கிலோ சொச்சம்தான் வரும், கார்த்திகையில பையில 100 கிராம் பாக்கெட்டா போட்டீங்கன்னா வத்தக்குழம்புக்கு வீட்டுல பெரியவங்க விடவே மாட்டாங்க. விக்கிற பொருள் ஆனதால எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவு பாதுகாப்பு ஆணையத்தோட ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்துடுங்க. இன்னும் மிச்சம் வந்தா உழவர் சந்தைக்கு கொண்டுபோங்க, மெம்பர் தலையில மட்டும் கட்டாதீங்க.

பொங்கல் பைக்கும் இப்பவே குறிச்சு வைங்க. பந்தல் அவரையும் மொச்சையும் ஆடியில ஊனினாத்தான் பனிக்கு பூத்து தைக்கு காய் தரும், லேட்டா போட்டா கொடியும் வளராது காயும் இருக்காது. சர்க்கரைவள்ளி கொடியை ஆவணி கடைசியில மேட்டுப்பார்ல நடுங்க. சேனை இந்த வருஷம் லேட்டு, அது சித்திரை வைகாசியில நடவேண்டியது, அடுத்த வருஷத்துக்கு விதைக்கிழங்கு சொல்லி வைங்க.

பை கட்டுறதுல ரெண்டு விஷயம். வெண்டையை கழுவாதீங்க, கழுவினா சென்னை போறதுக்குள்ள கொழகொழத்துடும், விடியக்காலம் பறிச்சு ஈர சாக்கு போட்டு மூடினா போதும். கிழங்கு, பரங்கி அடியில, கீரை வேரோட ஈரத்துணி சுத்தி மேல. அப்புறம் அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு கூடை வெச்சுடுங்க, பாகற்காய் பிடிக்காதவங்க அதுல போட்டுட்டு அதுல இருக்கிற வேற ஏதாவது எடுத்துக்கட்டும், பாதி கம்ப்ளெயிண்ட் அங்கயே தீர்ந்துடும்.

கிணத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதல. சித்திரையில மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினா தண்ணி இறங்குது, மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதுங்க, அது தெரிஞ்சாத்தான் கோடையில மொத்தம் எத்தனை சென்ட் தாங்கும்னு சொல்ல முடியும், அதுவரைக்கும் தைப்பட்டத்துக்கு புது பந்தல் எதுவும் போட்டுடாதீங்க.